பேற்று வலியும் பாத்தேக் கைலியும்

36ஆவது வாரம் நெருங்கும்போது, மலேசியாவின் டெங்கிலில் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஒரு பை தயாராகிவிடும். கதவோரத்திலோ காரின் பின்பக்கத்திலோ அது காத்திருக்கும். அடையாள அட்டை, ‘புக்கு பிங்க்’ என்று எல்லாரும் சொல்லும் தாய்மைப் பதிவேடு, குழந்தைக்குத் துண்டு, தாய்க்குப் பெரிய அளவு பேட், இரண்டு மூன்று பாத்தேக் கைலி. கைலி விஷயத்தில்தான் பேச்சு கொஞ்சம் நீளும். மருமகள் இணையக் கடையில் பூப்போட்ட பிரசவ கவுன் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பாள். “அதெல்லாம் எதுக்கும்மா? பழைய கைலியா எடுத்து வை. கறை பட்டா தூக்கிப் போட்டுடலாம்” என்பார் மாமியார்.

பிள்ளை பெறும்போது எதை உடுத்துவது என்பதை அழகு சம்பந்தப்பட்ட கேள்வி என்று நினைத்துப் பலர் கிளினிக்கில் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. வலி எடுத்ததிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை, எட்டு மணி நேரமோ பதினெட்டு மணி நேரமோ, உடம்பின் மேல் கிடக்கும் துணிக்கு நிறைய வேலை இருக்கிறது. சூட்டை வெளியே விட வேண்டும். நடக்க, குந்த, மண்டியிட இடம் தர வேண்டும். தாதியின் கைக்கும் கருவிக்கும் வழிவிட வேண்டும். கசிவதை மறைக்காமல் காட்ட வேண்டும். பிள்ளை வெளியே வந்த மறுகணம் தாயின் மார்புக்குப் போக வழி இருக்க வேண்டும். இத்தனையும் செய்துகொண்டே அந்தப் பெண்ணின் மானத்தையும் காக்க வேண்டும். இப்படிக் கணக்குப் பார்த்தால், பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பாத்தேக் கைலி, விலை கூடிய பல கவுன்களை முந்திவிடுகிறது. மாமியார் சொன்னதில் ஒரே ஒரு இடத்தில்தான் எனக்குத் தயக்கம்: அந்தப் ‘பழைய’.

டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பெராங் பெசார், செஜ்லி, மெடிங்லி, கேலவே ஆகிய தோட்டங்களிலிருந்து வந்தவை. 1990களில் புத்ராஜெயா எழும்பியபோது அந்தத் தோட்டங்கள் மறைந்தன. பேத்திகள் இன்று பிள்ளை பெறும் புத்ராஜெயா மருத்துவமனை, ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலப்பரப்பில் நிற்கிறது. பாட்டிமார் காலத்தில் தோட்ட லயத்து வீடுகளில் மருத்துவச்சியின் கையில் பிறந்த பிள்ளைகள் ஏராளம். பேறு என்றால் தீட்டு. அப்போது உடுத்திய துணியை எப்படியும் அப்புறப்படுத்தத்தான் போகிறோம் என்பதால் நல்ல துணியை யாரும் எடுக்கவில்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த கந்தல் போதும் என்று நினைத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் தெற்காசியாவின் பல இடங்களிலும் இதுதான் வழக்கமாக இருந்தது. கிருமிகளுக்கு அதைவிட வசதியான வழி இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பிரசவக் காய்ச்சல், பிள்ளைக்குத் தொப்புள்வழி வந்த இசிவு நோய் என்று குடும்பங்கள் சிதைந்ததற்கு அழுக்குக் கையும் அழுக்குக் கத்தியும் அழுக்குத் துணியும் சேர்ந்தே காரணம்.

துணியை முதலில் சந்தேகித்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன். அபர்டீன் நகரில் 1789 முதல் 1792 வரை பிரசவக் காய்ச்சல் பரவியது. எந்தப் பெண்ணுக்கு யார் பிரசவம் பார்த்தார்கள் என்று அவர் பட்டியலிட்டார். நோய் காற்றில் வருவதில்லை, பிரசவம் பார்ப்பவரோடுதான் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிறது என்று கண்டார். 1795இல் வெளியிட்ட நூலில், நோயாளியின் உடையையும் படுக்கைத் துணியையும் எரிக்க வேண்டும் அல்லது முழுமையாகச் சுத்திகரிக்க வேண்டும் என்றார். மருத்துவரும் மருத்துவச்சியும் கைகழுவி, தங்கள் உடைக்கும் புகையிட வேண்டும் என்றார். தானும் அந்த நோயைச் சுமந்து சென்றதாக எழுதியவர் அவர். மருத்துவச்சிகளின் பெயரை வெளியிட்டதால் ஊரின் பகையைச் சம்பாதித்து அபர்டீனை விட்டே போக நேர்ந்தது. வியன்னாவில் மருத்துவர் செம்மல்வைஸ் 1847இல் குளோரின் நீரில் கைகழுவச் செய்து சாவுகளைக் குறைத்தது இதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னால்தான். இந்தக் காய்ச்சலின் கிருமியை லூயி பாஸ்டர் காட்டியது 1879இல்.

மலாயாவில் 1950 வாக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், கிராமக் கிளினிக்குகள், இரத்த வங்கி, இறந்த ஒவ்வொரு தாயைப் பற்றியும் 1991 முதல் நடக்கும் ரகசிய விசாரணை என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைப் பெருமளவு இறக்கின. அந்த நெடும்பயணத்தில் சுத்தமான துணிக்கும் ஓர் இடம் உண்டு. ஆகவே சுத்தமாக இருந்தால் பழைய கைலியே போதும். பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சியும் மெருகும் போயிருக்கும், புதுத்துணியைவிட அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் பையில் வைக்குமுன் வெந்நீரில் துவைத்து, வெயிலில் மொரமொரவென்று காயவைத்து, இஸ்திரி போட்டு, தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். துணியை 71 டிகிரி செல்சியஸ் சூட்டில் குறைந்தது மூன்று நிமிடம் வைத்துச் சலவை செய்வது மருத்துவமனைகள் பின்பற்றும் அளவுகளில் ஒன்று. வெறும் கைச்சூட்டு நீரால் அந்த வேலை ஆகாது.

பருத்தி என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. காற்றில் 65 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும்போது பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை இழைக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் வாங்குவது அரை விழுக்காடுகூட இல்லை. கருப்பையின் தசை மணிக்கணக்கில் சுருங்கி விரியும்போது உடம்பு சூட்டை உற்பத்தி செய்கிறது. வயிற்றுப் பிள்ளையின் உடற்சூடு எப்போதும் தாயைவிட அரை டிகிரி கூடுதல். அந்தச் சூட்டை அது தாயின் வழியாகத்தான் கழிக்க முடியும். தாய்க்குச் சூடு ஏறினால் பிள்ளைக்கும் ஏறும், பிள்ளையின் இதயத்துடிப்பு வேகமாகும், அது தொற்றின் அறிகுறியா என்று மருத்துவர்கள் யோசிக்க வேண்டிவரும். அட்டையில் பாலியெஸ்டர், ஸ்பான்டெக்ஸ் என்று எழுதியிருக்கும் கவுன் படத்தில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அதைப் பையில் வைக்கச் சொல்ல மாட்டேன்.

இனி கைலியின் வடிவத்துக்கு வருவோம். இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள, இரு பக்கமும் திறந்த குழாய்த்துணி. தையல் ஒன்றே ஒன்று. பொத்தான் இல்லை, நாடா இல்லை, ரப்பர் பட்டி இல்லை. அக்குளுக்குக் கீழே ஏற்றிக் கட்டலாம், வயிற்றுக்குமேல் கட்டலாம், வயிற்றுக்குக் கீழே தளர்த்திக் கட்டலாம். குந்தினால் விரியும், நின்றால் விழும். மலாய்ப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் ஓராங் அஸ்லி பெண்ணும் ஒரே மாதிரி உடுத்தும் துணி இந்நாட்டில் வேறு எது? மலாய்க்காரர்களின் ‘மெலெங்காங் பெருட்’ சடங்கை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாம் வளைகாப்பு நடத்தும் அதே ஏழாம் மாதத்தில்தான் அவர்களும் இதைச் செய்வார்கள். கர்ப்பிணியைப் படுக்கவைத்து, முதுகுக்குக் கீழே ஏழு கைலிகளை அடுக்கி, வயிற்றை இடமும் வலமும் மெல்ல அசைத்து, ஒவ்வொன்றாக உருவி எடுப்பார் பீடான் எனப்படும் மருத்துவச்சி. பசிபிக்குக்கு அப்பால் மெக்சிகோவில், ‘ரெபோசோ’ என்ற நீண்ட நெசவுத் துணியை இடுப்பைச் சுற்றிப் போட்டு மருத்துவச்சிகள் இப்படியே அசைக்கிறார்கள். இவை பிள்ளையின் கிடையை மாற்றுமா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இடுப்பும் முதுகும் இளகுவதாகப் பெண்கள் சொல்வது உண்மை.

நிமிர்ந்திருப்பதற்கான சான்று உறுதியானது. மல்லாந்து படுத்தால், நிறைமாதக் கருப்பை தன் முழு எடையோடு முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருஞ்சிரையை அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது இதனால்தான். அதற்காகத்தான் இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்கிறார்கள் தாதிகள். 2013இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 25 ஆய்வுகளில் இடம்பெற்ற 5,218 பெண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வலியின் முதல் கட்டத்தில் நடந்தும் நின்றும் உட்கார்ந்தும் இருந்தவர்களுக்கு, படுத்தே இருந்தவர்களைவிட அந்தக் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் முன்னதாக முடிந்தது. வலியில் துடிக்கும் பெண்ணுக்கு அந்த 82 நிமிடம் எவ்வளவு பெரிது என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். எம்ஆர்ஐ கருவியில் பெண்களைக் குந்தவைத்தும் மண்டியிடவைத்தும் அளந்தபோது, பிள்ளை வெளிவரும் கீழ்வாசலில் இடுப்பெலும்பு சற்றே விரிந்து இடம் தருவதும் தெரிந்தது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகள், ஆபத்துக் குறைந்த நிலையிலுள்ள பெண்ணை நடமாட ஊக்குவிக்கச் சொல்கின்றன. தள்ளும் நேரத்தில் தனக்கு வசதியான நிலையை அவளே தேர்ந்துகொள்ளட்டும் என்கின்றன.

ஆனால் முதுகுப்பக்கம் திறந்து கிடக்கும் கவுனை மாட்டிக்கொண்டு எந்தப் பெண் தாழ்வாரத்தில் நடப்பாள்? பின்னால் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்துவிட்டுக் கட்டிலுக்கே திரும்பிவிடுவாள். நடக்கச் சொல்லும் மருத்துவமும் நடக்கவிடாத உடையும் ஒரே அறையில் இருந்தால் வெல்வது உடைதான். நம் அரசு மருத்துவமனைகளில் மேற்சட்டையோடு கைலியையும் உடுத்தச் சொல்லும் பழக்கம் எவ்வளவு அறிவுள்ளது என்று எனக்குப் புரிந்தது இதை யோசித்தபோதுதான்.

உடம்பை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிப்பது இன்னொரு வசதி. சிடிஜி என்ற கருவியை வயிற்றில் பொருத்தும்போது இரண்டு பட்டிகள் கட்டுவார்கள். ஒன்றிலுள்ள உணரி பிள்ளையின் இதயத்துடிப்பை ஒலியலையால் கேட்கும், மற்றது கருப்பையின் சுருக்கத்தை அளக்கும். சட்டையைச் சற்றுத் தூக்கி, கைலியைச் சற்று இறக்கினால் வயிறு மட்டும் தெரியும். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாக இருக்கும் நைட்டியை உயர்த்தினால் எல்லாம் தெரியும். வலி குறைக்கும் எப்பிடூரல் ஊசியை முதுகில் போட வேண்டுமானாலும் இதே கதை.

வீட்டில் நாம் எல்லாரும் விரும்பி உடுத்தும் பாஜு கெலாவாரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அகலமானது, காற்றோட்டமானது, வலியின் தொடக்க மணிகளில் வீட்டில் இருக்க அதைவிடச் சுகமான உடை இல்லை. ஆனால் அதைத் தலைவழியாகத்தான் கழற்ற முடியும். புறங்கையில் டிரிப் ஊசி ஏறி, குழாய் பாட்டிலோடு இணைந்தபிறகு அந்தக் கையைத் துணியிலிருந்து வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிள்ளையை மார்பில் போட முன்பக்கத் திறப்பும் இருக்காது. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது முன்னால் பொத்தான் வைத்த, கை தளர்ந்த சட்டைக்கு மாறிவிடுங்கள். உள்ளாடைக் கம்பி, இறுக்கமான ரப்பர் பட்டி, குதிகால் வைத்த செருப்பு மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்போது, யாரும் அதிகம் பேசாத நிறத்தின் விஷயம். பாத்தேக்கில் அரக்கும் கருநீலமும் பூவும் கொடியுமாக இருக்கும். கறை தெரியாது என்பதற்காகவே அதை விரும்புகிறோம். பிரசவத்தில் கறை தெரிய வேண்டும். பனிக்குடம் உடைந்தால் வரும் நீர் தெளிவாகவோ இலேசான வெண்மையாகவோ இருந்தால் நிம்மதி. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். நிறைமாதப் பிறப்புகளில் இது அரிதல்ல, ஆனால் உடனே கண்காணிப்பு வேண்டும். சிவப்பாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இந்த மூன்றையும் அரக்கு நிறக் கைலி ஒன்றுபோலவே காட்டும். அதனால் கைலிக்குள் வெள்ளை பேட் கட்டாயம். பனிக்குடம் உடைந்தால் அந்த பேடைத் தூக்கி எறியாமல் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் தாதியிடம் காட்டுங்கள். காரில் உட்காரவும் வெள்ளைத் துண்டையே விரியுங்கள்.

பிள்ளை பிறந்தபின் இந்த நிறத்தின் கணக்கு உயிர்க்கணக்காகிறது. இயல்பான பிரசவத்தில் 500 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அதை அதிக இரத்தப்போக்கு என்கிறார்கள். துணியிலும் மெத்தையிலும் ஊறிய இரத்தத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது, அனுபவசாலிகள்கூடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஊறிய பேடுகளை நிறுத்து, உலர்ந்த பேடின் எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கு வரும். இன்னும் எளிய வழி, இடுப்புக்குக் கீழே விரிக்கும் அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த ‘ஈ-மோட்டிவ்’ ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. அந்த விரிப்பால் இரத்தத்தை அளந்து, அளவு தாண்டியவுடன் மருந்தும் கருப்பைப் பிடித்துவிடுதலும் மற்ற சிகிச்சைகளும் ஒருசேரத் தொடங்கிய இடங்களில், கடும் இரத்தப்போக்கு உள்ளிட்ட மோசமான விளைவுகள் 60 விழுக்காடு குறைந்தன. புது மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. கண்ணுக்கு மறைந்திருந்த இரத்தத்தைப் பார்க்க வைத்தார்கள். பார்த்தவுடன் செயல்பட வைத்தார்கள்.

இரத்தப்போக்கை எதிர்த்து உடுத்தும் உடை ஒன்றும் இருக்கிறது. போர் விமானிகள் அணியும் அழுத்த உடையின் வழியில் பிறந்தது அது. நீரில் மூழ்குபவர்களின் உடைபோன்ற நியோப்ரீன் துணி, ஒட்டுப்பட்டைகள். கணுக்காலிலிருந்து வயிறுவரை பகுதி பகுதியாக இறுக்கிச் சுற்றினால், கால்களில் தேங்கும் இரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் திரும்புகிறது. மருத்துவமனை தூரமாக இருக்கும் ஊர்களில், அறுவை அறையை எட்டும்வரை உயிரைப் பிடித்து வைக்கும் இடைக்கால ஏற்பாடு இது. 2012இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் இதில் பயிற்சி தந்திருக்கிறார்கள். துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

நம் வீடுகளில் பெரிய மனச்சங்கடம் நகையில்தான் வருகிறது. கைலி மாற்றச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. தாலியைக் கழற்றச் சொன்னால் கண் கலங்கும். ஏன் கேட்கிறார்கள் என்பதைப் பொறுமையாக விளக்கினால் பாதிச் சங்கடம் தீரும். சிசேரியனில் இரத்தக் குழாய்களைப் பொசுக்கி அடைக்க டயாதர்மி என்ற மின்கருவியைப் பயன்படுத்துகிறார்கள். உயர் அதிர்வெண் மின்னோட்டம் உடம்பின் வழியே ஓடி, தொடையிலோ முதுகிலோ ஒட்டிய அகலமான தகட்டின் வழியே கருவிக்குத் திரும்ப வேண்டும். வழியில் சிறு உலோகம் தோலைத் தொட்டுக்கொண்டு, மேசையின் இரும்பையும் தொட்டால், மின்னோட்டம் அந்தச் சிறு புள்ளியில் குவிந்து தோலைச் சுடக்கூடும். இன்றைய கருவிகளில் இந்த ஆபத்து மிகக் குறைவு என்றாலும், மருத்துவமனைகள் அதை முழுதாகத் தவிர்க்கவே பார்க்கின்றன. மோதிரத்துக்கும் மெட்டிக்கும் இன்னொரு காரணம் உண்டு. நிறைமாதத்திலும் டிரிப் ஏறியபின்னும் விரல்கள் வீங்கும். வெட்டி எடுக்க வேண்டிய நிலை வந்தால் வேதனை கூடும். இயல்பான பிரசவமாக இருக்கும் என்று நம்பிப் போகிறவர்களில் சிலர் நள்ளிரவில் அவசரமாக அறுவை அறைக்குத் தள்ளப்படுவார்கள். அந்த நேரத்தில் சங்கிலிக் கொக்கியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வழி நம் மரபிலேயே இருக்கிறது. பொன் இல்லாத வீடுகளில் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டித் தாலியாக அணிந்தவர்கள்தானே நாம்? 37ஆவது வாரத்தில் பொன்தாலியைக் கழற்றிப் பூஜை அறையில் வைத்துவிட்டு, துவைத்த பருத்திக் கயிறும் மஞ்சளும் அணிந்துகொண்டால், உலோகமும் இல்லை, கழுத்தும் வெறுமையாக இல்லை. மாமியார் கையாலேயே அதைக் கட்டினால் பெண்ணுக்கு மனபலம். அறுவை அறையில் அதையும் கழற்றச் சொன்னால் எளிதாகக் கழற்றலாம். வளைகாப்புக் கண்ணாடி வளையல்களைப் பிரசவம் பார்த்தவருக்குக் கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. இன்று உடைந்தால் குத்தும், டிரிப் ஊசிக்கு இடைஞ்சல் என்பதால் கையில் இரண்டு மூன்று வைத்துக்கொண்டு, வலி எடுத்ததும் அவற்றையும் கழற்றிவிடலாம்.

மருதாணி பற்றியும் ஒரு சொல். விரல்நுனியில் மாட்டும் கவ்வி, சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல்வழியே பாய்ச்சி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதிலிருந்து இரத்தத்தின் ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. வீட்டில் அரைத்த மருதாணியின் செம்மை இதற்குப் பெரிய தடையாக இல்லை என்று 1994இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கருப்பு மருதாணி பூசிய விரலில் கருவி தடுமாறியது. வளைகாப்பில் கோன் மருதாணியால் விரல்நுனிவரை கருக்க நிரப்பிக்கொள்ளும் பெண்கள், ஆளுக்கு ஒரு விரலையாவது வெறுமையாக விட்டுவைக்கட்டும். கருநிற, நீல நிற நகப்பூச்சும் வேண்டாம். நகத்தின் இயல்பான நிறம் மயக்க மருத்துவருக்கு ஒரு தகவல்.

உடை மனதோடும் பேசுகிறது. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின், பாதுகாப்பாக உணரும் உடம்பில் தாராளமாகச் சுரக்கும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதற்கு எதிராக இழுக்கும். 1966இல் ஆய்வாளர் நைல்ஸ் நியூட்டனும் கூட்டாளிகளும் ஈனும் எலிகளை இடம் மாற்றியும் தொந்தரவு செய்தும் பார்த்தார்கள், ஈற்று தாமதமானது. 1978இல் ரெஜினா லெடர்மனின் குழு பெண்களிடமே அளந்தது. பதற்றம் கூடியவர்களின் இரத்தத்தில் அட்ரினலினும் கூடியிருந்தது, அவர்களின் கருப்பைச் சுருக்கமும் வலு குறைந்திருந்தது. முன்பின் தெரியாதவர்கள் வந்துபோகும் அறையில் அரைகுறையாகத் திறந்து கிடப்பது எந்தப் பெண்ணுக்கும் பதற்றம்தான். மானிடவியலாளர் ராபி டேவிஸ்-ஃப்ளாயிட் 1992இல் வெளியிட்ட நூலில், மருத்துவமனை உடை மாட்டுவதையே ஒரு சடங்காகப் பார்த்தார்: சொந்த உடையைக் களைந்தவுடன் பெண் தன் அடையாளத்தையும் கொஞ்சம் விட்டுவிட்டு, நிறுவனத்தின் பொருளாகத் தன்னை உணரத் தொடங்குகிறாள் என்பது அவர் வாதம். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது என்றாலும், அதில் உண்மை இருக்கிறது. தன் கைலியின் மணமும் தளர்ச்சியும் தெரிந்த ஒருத்திக்கு அது வீட்டின் ஒரு துண்டு. கிளினிக் பரிசோதனைக்குப் போகும்போதே கேளுங்கள்: சொந்தக் கைலி உடுத்தலாமா, முன்பக்கம் திறக்கும் சட்டைக்கு இடமுண்டா, நடக்க விடுவார்களா, தலைக்கு முக்காடோ துண்டோ இருக்கலாமா என்று. விதிகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. உடுத்துவது எதுவாக இருந்தாலும் முடிவு அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். கணவருக்கோ மாமியாருக்கோ எனக்கோ அதில் யோசனை சொல்லும் உரிமைதான் உண்டு.

பிள்ளை வந்துவிட்டது. நனைந்த உடம்போடு குளிரூட்டிய அறைக்குள் வரும் பிள்ளையின் தோல், துடைக்காமல் விட்டால் நிமிடத்துக்கு 0.3 டிகிரிவரை குளிரும். துடைத்து, தாயின் வெறும் மார்பில் குப்புற வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துவதுதான் சிறந்த உடை. கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978இல் மருத்துவர் எட்கர் ரே, இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் மார்பில் கட்டிவைக்கத் தொடங்கினார். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், மிகக் குறைந்த எடையோடு பிறந்த பிள்ளைகளைப் பிறந்தவுடனேயே இப்படி வைத்தபோது, 28 நாளுக்குள் இறந்தவர்களின் பங்கு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. உலர்ந்த கைலி ஒன்று இங்கேயும் வேண்டும், போர்வையாக. நனைந்ததையே போர்த்தாதீர்கள், ஈரத் துணி சூட்டை வெகுவேகமாக உறிஞ்சிவிடும்.

வீடு திரும்பியபின் இன்னொரு உடைப் படலம் தொடங்குகிறது. 33 டிகிரி வெயிலில் தாய்க்குச் சுவெட்டரும் காலுறையும், காதில் பஞ்சும், தலையில் துணிக்கட்டும். காற்று படக்கூடாது என்ற பெரியவர்களின் கவலையில் அன்பு இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் சூடு ஏறிய உடம்பில் காய்ச்சல் வந்தால் அது தொற்றினாலா, போர்வையினாலா என்று தெரியாமல் போய்விடும். காலுறை போதும், சுவெட்டரை மாலைக்கு ஒதுக்குங்கள். வயிற்றுக்கட்டோ மலாய்க்காரர்களின் ‘பெங்கோங்’ துணிக்கட்டோ கட்டினால் மூச்சுக்கும் உட்கார்ந்து எழவும் தடையில்லாத அளவு மட்டும் இறுக்குங்கள். சிசேரியன் தையல் இருந்தால் மருத்துவரைக் கேட்டபின். நாள் முழுக்கப் படுத்தே இருக்க வேண்டாம், காலை நீட்டி மடக்கி வீட்டுக்குள் நடங்கள். பிள்ளைபெற்ற வாரங்களில் கால் சிரைகளில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது இந்நாட்டில் தாய்மார் மரணத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் காலுறையைக் கழற்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிளினிக் தாதி முதல் பத்து நாளில் பலமுறை வீட்டுக்கு வருவார். அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று பேடைப் பற்றியது. வெள்ளை பேடையே பயன்படுத்துங்கள், எத்தனை மாற்றினீர்கள் என்று நினைவில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதாக நனைந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள், அந்த பேடையும் எடுத்துக்கொண்டு.